இரு உலகப் போர்களுக்கு இடையே நடுத்தர டாங்கி

1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்முனையில் பிரிட்டன் இறக்கிய முதல் டாங்கிகள் ஏறத்தாழ 28 டன் எடை கொண்டவை. எட்டுப் பேர் உள்ளே இருந்து இயக்க, மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து, முள்கம்பி வேலிகளை நசுக்கிப் பதுங்குகுழிகளைத் தாண்டுவதுதான் அவற்றின் வேலை. வேலியையும் குழியையும் தாண்டிய பிறகு கிடைக்கும் திறந்த வெளியில் குதிரைப்படை பாய்ந்து முன்னேறும் என்று தளபதிகள் எதிர்பார்த்தார்கள். அங்கே ஒரே ஓர் இயந்திரத் துப்பாக்கி மிஞ்சியிருந்தாலும் குதிரைகள் வீழ்ந்தன. குதிரை செய்யவேண்டிய வேலையை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சியிலிருந்துதான் நடுத்தர டாங்கி பிறந்தது.

வில்லியம் ட்ரிட்டன் வடிவமைத்த ‘மீடியம் மார்க் ஏ’ 1918 மார்ச்சில் போருக்கு வந்தது. படைவீரர்கள் அதை விப்பெட் என்ற வேட்டைநாய் இனத்தின் பெயரால் அழைத்தார்கள். எடை 14 டன், வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். பேருந்துகளில் பயன்பட்ட வகையைச் சேர்ந்த இரண்டு எஞ்சின்கள், பக்கத்துக்கு ஒன்றாக, இரு சங்கிலிப் பட்டைகளையும் தனித்தனியே ஓட்டின. ஒரு எஞ்சினின் வேகத்தைக் கூட்டி மற்றதைக் குறைத்துத்தான் ஓட்டுநர் வண்டியைத் திருப்பவேண்டும். ஆகஸ்ட் 8 அன்று ஆமியான் போரில் இந்த டாங்கிகளைக் குதிரைப்படையோடு இணைத்து அனுப்பினார்கள். எதிர்ப்பு இல்லாத இடத்தில் குதிரைகள் டாங்கிகளை விட்டுவிட்டு ஓடின. குண்டு பறந்த இடத்தில் டாங்கிகள் குதிரைகளை விட்டுவிட்டுப் போயின. இரண்டும் சேர்ந்து இயங்க முடியாது என்பதற்கு அதற்கு மேல் சான்று தேவைப்படவில்லை.

விப்பெட்டின் இயந்திரத் துப்பாக்கிகள் நகராத ஒரு பெட்டிக்குள் பொருத்தப்பட்டிருந்தன. அதே காலத்தில் பிரான்ஸ் உருவாக்கிய ஆறரை டன் ரெனோ எஃப்.டி. வேறு வழியில் சென்றது. முன்னால் ஓட்டுநர், பின்னால் எஞ்சின், நடுவில் துப்பாக்கியோடு முழுவட்டம் திரும்பும் சுழல்கூண்டு. இன்றுவரை பெரும்பாலான டாங்கிகளின் உடலமைப்பு இதுதான். ஆனால் எஃப்.டி.யின் சுழல்கூண்டில் ஓர் ஆள் மட்டுமே நிற்க முடியும். வெளியே பார்ப்பது, ஓட்டுநருக்கு வழி சொல்வது, குண்டு நிரப்புவது, குறிபார்ப்பது, சுடுவது என்று எல்லாமே அவர் பொறுப்பு. அடுத்த இருபது ஆண்டுகளில் கவசத்தின் தடிமனும் பீரங்கியின் விட்டமும் பேசப்பட்ட அளவுக்கு இந்தக் கூண்டுக்குள் எத்தனை பேர் என்ற கேள்வி பேசப்படவில்லை. போரில் மற்ற இரண்டுக்கும் குறையாமல் அது கணக்குத் தீர்த்தது.

‘நடுத்தரம்’ என்பதற்கு நிலையான எடை எதுவும் இருந்ததில்லை. 1920-களில் 12 டன் வண்டி நடுத்தரம் எனப்பட்டது. 1940-ல் 26 டன் வண்டியும் அதே பெயரைப் பெற்றது. எல்லையைத் தீர்மானித்தவை பெரும்பாலும் போர்க்களத்துக்கு வெளியே இருந்தன: படைப்பிரிவின் மிதவைப் பாலம் எவ்வளவு சுமை தாங்கும், ரயில் வண்டியில் ஏற்ற முடியுமா, நிதி அமைச்சகம் எவ்வளவு தரும். இவற்றுக்கும் மேல் தீராத ஒரு வழக்கும் இருந்தது. டாங்கி காலாட்படைக்குத் துணையாக அதன் நடை வேகத்தில் செல்வதா, குதிரைப்படையின் வாரிசாக எதிரியின் முதுகுப்புறம் வரை ஓடுவதா? முதலாவதற்குத் தடித்த கவசம் வேண்டும், இரண்டாவதற்கு வேகம் வேண்டும். அன்றைய எஞ்சின்களால் இரண்டையும் ஒரே வண்டியில் தர இயலவில்லை. நடுத்தர டாங்கியின் வரலாறு பெருமளவில் இந்த வழக்கின் வரலாறு.

பிரிட்டனில் இரண்டாம் கட்சியின் முதன்மையான வாதி ஜே.எஃப்.சி. ஃபுல்லர். போர் 1919 வரை நீடிக்கும் என்று கருதி அவர் வகுத்த திட்டம், வேகமான நடுத்தர டாங்கிகளைக் கொண்டு ஜெர்மானியத் தலைமையகங்களையே தாக்கி ஜெர்மனியின் படையைச் செயலிழக்கச் செய்வது. அதற்காகவே எண்ணப்பட்ட ‘மீடியம் டி’ வண்டியை ஃபிலிப் ஜான்சன் வடிவமைத்தார். மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டும் வேகம் சோதனையில் கிடைத்தது. ஆனால் நம்பகம் இல்லை. ஓடிய நேரத்தைவிடப் பழுதுபார்த்த நேரம் அதிகம். போர் முடிந்து பணமும் வற்றிய நிலையில் 1923-ல் ஜான்சனின் வடிவமைப்புத் துறையே மூடப்பட்டது. அவர் பத்து அடி தாண்டப் பார்த்த இடத்தில் விக்கர்ஸ் நிறுவனம் இரண்டடி எடுத்து வைத்து வேலையை முடித்தது.

விக்கர்ஸ் தந்த வண்டி முதலில் ‘இலகு டாங்கி’ என்றே படையில் சேர்ந்தது. அதைவிடச் சிறியவை வரத் தொடங்கியதும் ‘மீடியம் மார்க் 1’ ஆயிற்று. ஏறத்தாழ 12 டன் எடை, 90 குதிரைத்திறன் கொண்ட காற்றால் குளிரும் ஆர்ம்ஸ்ட்ராங் சிட்லி எஞ்சின், ஏட்டளவில் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகம். கவசம் 6 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டியது. சாதாரணத் துப்பாக்கிக் குண்டைத் தடுக்கவே அது தட்டுத் தடுமாறும். 47 மில்லிமீட்டர் பீரங்கி மற்றொரு டாங்கியைத் துளைக்க நல்லது. பதுங்கியிருக்கும் காலாட்படை மீதோ எதிரிப் பீரங்கி மீதோ வீச அதற்கு உருப்படியான வெடிகுண்டு கிடையாது. தாளில் பார்த்தால் வியக்க ஏதுமில்லாத வண்டி.

அதன் பெருமை வேறு இரண்டு இடங்களில் இருந்தது. முதலாவது, பட்டைகளுக்கும் உடலுக்கும் இடையே அமைந்த ஸ்பிரிங்குகள். 1916-ன் டாங்கிகளில் ஸ்பிரிங் என்பதே இல்லை; கட்டாந்தரையின் ஒவ்வொரு மேடும் உள்ளே இருப்பவர்களின் முதுகெலும்பில் இறங்கியது. இரண்டாவது, மூன்று பேர் இயங்க இடமளித்த சுழல்கூண்டு. ஒருவர் சுட, ஒருவர் நிரப்ப, டாங்கித் தலைவரின் கண்கள் வெளியே பார்க்க விடுபட்டன. தொழிற்சாலையில் வரிசையாக உற்பத்தியான டாங்கிகளில் இந்த வசதி முதலில் இதற்குத்தான் கிடைத்தது. இதன் மதிப்பைப் பிரிட்டனே முழுதாக உணர்ந்ததாகத் தெரியவில்லை. 1920-களில் பெரும் எண்ணிக்கையில் டாங்கி வாங்கிய படை வேறெதுவும் இல்லாததால், மார்க் 1-ம் அதைத் தொடர்ந்த மார்க் 2-ம் உலகின் ஒரே நடைமுறைப் பள்ளிக்கூடமாக 1930-களின் பிற்பகுதிவரை ஓடின. பல பத்தாண்டுகள் கழித்துச் சென்னையை அடுத்த ஆவடியில் உற்பத்தியான விஜயந்தா டாங்கிக்கு வடிவமைப்பைத் தந்ததும் இதே விக்கர்ஸ்தான்.

1927-ல் சாலிஸ்பரி சமவெளியில் ‘பரிசோதனை இயந்திரப் படை’ கூட்டப்பட்டது. ஒரு பட்டாலியன் விக்கர்ஸ் மீடியம், கவசக் கார்கள், சிறு டாங்கிகள், லாரியில் செல்லும் இயந்திரத் துப்பாக்கிப் படை, இழுவை வண்டி இழுக்கும் பீரங்கிகள், பொறியாளர்கள் என்று உலகில் முதல்முறையாகக் குதிரையே இல்லாத ஒரு கூட்டுப்படை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் ஓடியதால் சாலைகளில் நெரிசலும் குழப்பமும் ஏற்பட்டன. ஆயினும் பயிற்சிப் போர்களில் பழைய பாணிப் படைகளை அது திகைக்க வைத்தது. ஓரிரு ஆண்டுகளில் அதைக் கலைத்துவிட்டார்கள். 1931-ல் சார்லஸ் பிராட் ஒரு டாங்கிப் படையணியை முழுதும் கொடிச் சைகையாலும் ரேடியோவாலும் இயக்கிக் காட்டினார். 1934-ல் பெர்சி ஹோபார்ட் தலைமையில் நிரந்தரமான டாங்கி பிரிகேடே அமைந்தது. பிராட் எழுதிய கையேடும், ஃபுல்லர், படைத்துறை எழுத்தாளர் லிடெல் ஹார்ட் ஆகியோரின் கட்டுரைகளும் பெர்லினிலும் மாஸ்கோவிலும் கவனமாகப் படிக்கப்பட்டன.

மீடியம் டாங்கிக்கு அடுத்த தலைமுறையாக விக்கர்ஸ் 1928 வாக்கில் ஒரு 16 டன் வண்டியை உருவாக்கியது. நடுவில் 47 மில்லிமீட்டர் பீரங்கியுடன் பெரிய சுழல்கூண்டு. முன்னால் இரு பக்கமும் இயந்திரத் துப்பாக்கிகள் கொண்ட இரண்டு சிறு கூண்டுகள். 180 குதிரைத்திறன் எஞ்சின் அதை மணிக்கு 48 கிலோமீட்டர் வரை ஓட்டியது. அதன் திருந்திய வடிவமான ‘மீடியம் மார்க் 3’ மூன்றே மூன்று கட்டப்பட்டது. ஒன்றின் விலை 16,000 பவுண்டு. உலகப் பொருளாதார மந்தம் கழுத்தை நெரித்த நாட்களில் அந்த விலையை எந்த அமைச்சரும் ஏற்கவில்லை. பிரிட்டனின் நடுத்தர டாங்கி அங்கே நின்றது. அதன் யோசனைகள் நிற்காமல் பிற நாடுகளுக்குப் போயின.

1930-ல் இன்னொகெந்தி கலெப்ஸ்கி தலைமையிலான சோவியத் குழு டாங்கி வாங்க மேற்கே புறப்பட்டது. விக்கர்ஸ் ஏற்றுமதிக்காகவே செய்த ஆறு டன் டாங்கியில் 15 வாங்கியது; அதிலிருந்து வளர்ந்த டி-26 பத்தாயிரத்துக்கும் மேல் உற்பத்தியானது. 16 டன் வண்டியை விற்கவோ நெருங்கிக் காட்டவோ பிரிட்டன் மறுத்துவிட்டது. குழுவிலிருந்த பொறியாளர் செம்யோன் கின்ஸ்பர்க் அதைப்பற்றிப் பேச்சுவாக்கில் திரட்டிய விவரங்களோடு ஊர் திரும்பினார். 1933-ல் லெனின்கிராடில் உற்பத்தியாகத் தொடங்கிய டி-28, அந்த 16 டன் வண்டியின் அண்ணனைப்போல் இருந்தது: அதே மூன்று கூண்டு அமைப்பு, 76 மில்லிமீட்டர் பீரங்கி, 500 குதிரைத்திறன் எஞ்சின், 28 டன்னை ஒட்டிய எடை. மொத்தம் 503 கட்டப்பட்டன. அந்தக் காலத்தில் இவ்வளவு வலுவான பீரங்கியோடு நூற்றுக்கணக்கில் இருந்த நடுத்தர டாங்கி வேறு எங்கும் இல்லை. ஆனால் ஆறு பேரும் மூன்று கூண்டுகளும் ஒரே வண்டியில் இருந்ததால், எந்தக் கூண்டு எங்கே சுடுகிறது என்பதைக் கண்காணிப்பதே டாங்கித் தலைவருக்குத் தனி வேலையானது. பல கூண்டுகள் என்பது கடற்படைப் போர்க்கப்பலைப் பார்த்து வந்த ஆசை. தரையில் அதற்கு எதிர்காலம் இருக்கவில்லை.

கலெப்ஸ்கியின் குழு அமெரிக்காவில் வாங்கிய சரக்குதான் இறுதியில் பெரிய விளைவைத் தந்தது. ஜே. வால்டர் கிறிஸ்டி என்ற பொறியாளர், முன்பு ரேஸ் கார் ஓட்டியவர், யாருடனும் ஒத்துப்போகாதவர், ஒரு விந்தையான வண்டியைச் செய்திருந்தார். பெரிய சாலைச் சக்கரங்கள் ஒவ்வொன்றும் நீண்ட சுருள் ஸ்பிரிங்கில் தனித்தனியே ஏறி இறங்கும். சங்கிலிப் பட்டையைக் கழற்றிவிட்டு வெறும் சக்கரத்திலும் சாலையில் ஓடலாம். 1928-ல் காட்டிய மாதிரி, சக்கரத்தில் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டியது. அமெரிக்கப் படை ஒருசில வண்டிகளை மட்டும் வாங்கிவிட்டு அவரோடு சச்சரவில் இறங்கியது. சோவியத் ஒன்றியத்துடன் அப்போது அமெரிக்காவுக்குத் தூதரக உறவுகூடக் கிடையாது. சுழல்கூண்டு இல்லாத இரண்டு வண்டிகள் ‘விவசாய டிராக்டர்’ என்ற பெயரில் கப்பலேறின. கார்கிவ் நகரின் ரயில் எஞ்சின் ஆலை அவற்றைப் பி.டி. வரிசையாக வளர்த்தது, பி.டி-2, பி.டி-5, பி.டி-7 எல்லாம் சேர்ந்து ஏழாயிரத்துக்கும் மேல். ‘வேக டாங்கி’ என்று வகைப்படுத்தப்பட்ட இவற்றில் பி.டி-5, பி.டி-7 இரண்டின் 45 மில்லிமீட்டர் பீரங்கி, அன்றைய எந்த நடுத்தர டாங்கியையும் துளைக்கும். கவசம்தான் மெல்லியது, பெட்ரோல் எஞ்சின் எளிதில் தீப்பற்றும்.

ஜப்பானும் விக்கர்ஸிடமே பாடம் கற்றது. 1927-ல் வாங்கிய ‘மீடியம் சி’ சோதனை ஓட்டத்தில் பெட்ரோல் ஆவியால் தீப்பற்றியது. டீசல் எஞ்சின் பக்கம் ஜப்பானியப் பொறியாளர்கள் சாய்ந்ததற்கு அது ஒரு தூண்டுதல். எளிதில் தீப்பிடிக்காதது, ஒரே அளவு எரிபொருளில் கூடுதல் தூரம் செல்வது என்ற இரண்டு ஆதாயங்கள், எண்ணெய் வளமற்ற நாட்டுக்கு மிகவும் பொருந்தின. ஒசாக்கா ஆயுதச்சாலை உருவாக்கிய டைப்-89, பத்து டன் இலகு டாங்கியாகத் திட்டமிடப்பட்டு, எடை ஏறிக்கொண்டே போனதால் நடுத்தர வகைக்கு மாற்றப்பட்டது. 1934-லிருந்து அதன் பின்வந்த மாதிரி மிட்சுபிஷி டீசலில் ஓடியது. அடுத்த டாங்கிக்கு இரண்டு மாதிரிகள் போட்டியிட்டன. படைத் தலைமை விலை மலிவான, எடை குறைந்ததையே விரும்பியது. 1937 ஜூலையில் சீனாவுடன் முழுப்போர் வெடித்துப் பணம் தாராளமாக வரத் தொடங்கியதும், விலை கூடிய 15 டன் டைப்-97 தேர்வானது. இரண்டு டாங்கிகளிலும் இருந்த குட்டையான 57 மில்லிமீட்டர் பீரங்கி சீனக் காலாட்படைக்கு எதிராகப் போதுமானதாக இருந்தது. 1939 ஜூலையில் மங்கோலிய எல்லையின் நோமொன்ஹானில் சோவியத் டாங்கிகளைச் சந்தித்தபோது அதன் போதாமை தெரிந்தது. எதிர்த்தரப்பில் பி.டி. டாங்கிகள் பெட்ரோல் பாட்டில் வீச்சில் எரிந்ததையும் இரு படைகளும் குறித்துக்கொண்டன.

கிறிஸ்டியைப் பெற்ற நாடு தன் டாங்கிப் படையையே இழந்திருந்தது. 1920-ன் தேசியப் பாதுகாப்புச் சட்டம் அமெரிக்க டாங்கிப் படையைக் கலைத்து, டாங்கிகளைக் காலாட்படைக்கு உரிமையாக்கியது. நடுத்தர டாங்கியின் எடை 15 டன்னைத் தாண்டக்கூடாது என்று 1922-ல் விதித்தார்கள். பாலங்கள் அதற்கு மேல் தாங்காது. ராக் ஐலண்ட் ஆயுதச்சாலை மாதிரிமேல் மாதிரியாகச் செய்து பார்த்தும் எதுவும் உற்பத்திக்குப் போகவில்லை. டாங்கி காலாட்படையின் சொத்து என்பதால் 1930-களில் குதிரைப்படை தன் டாங்கிகளுக்குப் ‘போர்க் கார்’ என்று பெயர் வைத்துச் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று. 1939-ல்தான் ‘எம்-2’ நடுத்தர டாங்கி வந்தது. 37 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று, சுற்றிலும் இயந்திரத் துப்பாக்கிகள், எதிரியின் பதுங்குகுழியைத் தாண்டியதும் குண்டுகளைத் தெறிக்கவைத்துக் குழிக்குள் பாயச்செய்யப் பின்புறம் சாய்தகடுகள்! 1918-ன் போரை 1939-ல் நடத்த எண்ணிய வண்டி அது. ஆனால் அதன் விமான வகை எஞ்சினும் அடிப்பாகமும் உறுதியானவை. பின்னாளில் ஷெர்மன் டாங்கி அவற்றின் மேல்தான் எழுந்தது.

பிரான்சிடம் ஆயிரக்கணக்கில் எஃப்.டி. குவிந்து கிடந்ததே புதியவற்றுக்குத் தடையாயிற்று. காலாட்படைக்கான டி-1 நடுத்தர டாங்கி 160, அதன் வாரிசு டி-2 நூறு. உற்பத்தி ஆமை வேகத்தில் நடந்தது. 1937-ல் மெட்ஸ் நகரில் டி-2 ரெஜிமென்ட் ஒன்றின் பொறுப்பை ஏற்றவர் சார்ல் த கோல். நிரந்தரத் தொழில்முறைக் கவசப்படை வேண்டும் என்று மூன்றாண்டு முன்பே நூல் எழுதித் தலைமையின் கோபத்தைச் சம்பாதித்தவர். பிரான்சின் மிகச் சிறந்த நடுத்தர டாங்கி குதிரைப்படையிடமிருந்து வந்தது. அங்கும் ‘டாங்கி’ என்ற பெயர் காலாட்படைக்கே உரியது என்பதால், ‘போர்க் கவசக் கார்’ என்ற பெயரில்தான் சோமுவா எஸ்-35 படையில் சேர்ந்தது. வார்ப்பு எஃகில் செய்த பாகங்களைப் போல்ட் போட்டு இணைத்த உடல், நாற்பது மில்லிமீட்டரைத் தாண்டிய கவசம், நல்ல 47 மில்லிமீட்டர் பீரங்கி, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம், 20 டன்னுக்குச் சற்றுக் குறைந்த எடை. காலாட்படையின் கவசமும் குதிரைப்படையின் வேகமும் ஒரே வண்டியில் வந்துவிட்டன. ஆயினும் சுழல்கூண்டில் எஃப்.டி. காலம்போலவே ஓர் ஆள்தான். உள்ளிருந்த ரேடியோ இயக்குநர் குண்டு எடுத்துக் கொடுத்து உதவலாம். பார்த்தல், குறிவைத்தல், சுடுதல், கட்டளையிடுதல் நான்கும் தலைவருடையவை. துணை டாங்கிகளை வழிநடத்தும் அதிகாரிக்கு அது இன்னும் கொடுமை. கூண்டைச் சிறிதாக்கினால் கவசத்தைத் தடிப்பாக்கலாம் என்ற கணக்கில் பிழையில்லை. மனிதனுக்கு இரண்டு கைதான் என்பதை அந்தக் கணக்கு மறந்துவிட்டது.

தோற்ற நாடு இந்த விஷயத்தை வேறு முனையிலிருந்து அணுகியது. 1919-ன் வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனி டாங்கி வைத்திருப்பதையே தடை செய்தது. பழைய டாங்கிகள் இல்லாததால் பழைய பழக்கங்களும் இல்லை. டைம்லர்-பென்ஸ், கிருப், ராய்ன்மெட்டால் ஆகிய மூன்று நிறுவனங்களும் ‘பெரிய டிராக்டர்’ என்ற மறைபெயரில், 75 மில்லிமீட்டர் பீரங்கி கொண்ட மாதிரிகளைத் தலைக்கு இரண்டாகச் செய்தன. சோவியத் ஒன்றியத்தின் கசான் நகருக்கு அருகே, 1929 முதல் 1933 வரை இரு நாடுகளும் இரகசியமாக நடத்திய காமா பள்ளியில் அவை ஓடிச் சோதிக்கப்பட்டன. அந்த வண்டிகள் தொல்லை கொடுத்தவை. பின்னாளில் போரிடவிருந்த இரு படைகளின் அதிகாரிகள் ஒரே திடலில் பயின்றார்கள் என்பது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் பயிற்சிக்காக இயந்திரத் துப்பாக்கி மட்டும் கொண்ட பான்சர்-1, 20 மில்லிமீட்டர் பீரங்கியுடன் பான்சர்-2 ஆகிய சிறு டாங்கிகள் அவசரமாகக் கட்டப்பட்டன. உண்மையான போர் டாங்கிகளாக எண்ணப்பட்டவை இரண்டு நடுத்தர டாங்கிகள். டைம்லர்-பென்ஸ் வளர்த்த பான்சர்-3 எதிரி டாங்கிகளைச் சமாளிக்க. கிருப் வளர்த்த பான்சர்-4 தன் குட்டையான 75 மில்லிமீட்டர் பீரங்கியால் வெடிகுண்டு வீசி அதற்கு ஆதரவு தர. ஒரு பட்டாலியனில் முன்னதற்கு மூன்று கம்பெனி, பின்னதற்கு ஒன்று என்பது திட்டம். பாலங்களைக் கருதி 24 டன் உச்சவரம்பு. பான்சர்-3-க்கு 50 மில்லிமீட்டர் பீரங்கி வேண்டும் என்று டாங்கிப்படையின் ஓஸ்வால்ட் லூட்ஸும் ஹைன்ஸ் குடேரியனும் வாதிட்டார்கள். காலாட்படை ஏற்கெனவே வைத்திருந்த 37 மில்லிமீட்டரே போதும் என்று ஆயுதத் துறை முடிவெடுத்தது. சமரசமாக, பின்னாளில் பெரிய பீரங்கியை ஏற்றுமளவு சுழல்கூண்டின் வளையத்தை அகலமாக விட்டார்கள். அந்த அகலம்தான் பான்சர்-3-ஐ 1942 வரை வாழவைத்தது.

இரண்டு டாங்கிகளிலும் ஐந்து பேர். கூண்டுக்குள் தலைவர், சுடுபவர், நிரப்புபவர். முன்னால் ஓட்டுநரும் ரேடியோ இயக்குநரும். தலைவருக்குக் கூண்டின் உச்சியில் சுற்றிலும் பார்வைத் துளைகள் கொண்ட தனி இருக்கை. தொண்டையில் கட்டும் மைக் வழியாக அவர் குரல் நால்வரின் காதுக்கும் சென்றது. முதல் உலகப் போரில் கம்பியில்லாத் தந்திப் பிரிவில் பணியாற்றிய குடேரியன், ரேடியோ இல்லாத டாங்கியை ஏற்கவே மறுத்தார். கவசத்திலும் பீரங்கியிலும் எஸ்-35-க்குப் பின்தங்கிய பான்சர்-3, ஒரு குறியைக் கண்டு சுட்டு அடுத்ததைத் தேடும் வேகத்தில் அதை முந்தியது. உற்பத்திதான் தடுமாறியது. பான்சர்-3-இன் முதல் நான்கு மாதிரிகளும் ஸ்பிரிங் அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்ததிலேயே கழிந்தன. ‘இ’ மாதிரியில் முறுக்குத் தண்டுகளைப் பொருத்திய பிறகே வடிவம் நிலைத்தது. 1939 செப்டம்பர் 1 அன்று, மூவாயிரத்தைத் தாண்டிய ஜெர்மானிய டாங்கிகளில் பான்சர்-3 சுமார் நூறு, பான்சர்-4 சுமார் இருநூறு. செக்கோஸ்லோவாக்கியாவைக் கைப்பற்றியபோது கிடைத்த 37 மில்லிமீட்டர் பீரங்கி டாங்கிகள் அந்தப் பற்றாக்குறையை ஓரளவு ஈடுகட்டின. இத்தாலி அதே ஆண்டு கொண்டுவந்த எம்-11/39, முக்கியப் பீரங்கியைச் சுழலாத உடலில் பொருத்தியது. நூறு வண்டிகளோடு நின்றுபோனது.

வழியைத் திறந்த பிரிட்டன் 1930-களின் நடுவில் நடுத்தர டாங்கி என்ற வகையையே கைவிட்டது. ஆயுதத் துறைத் தலைவரான ஹியூ எல்லிஸ் காலாட்படையோடு நடக்கும் கனத்த கவச வண்டிகளை வலியுறுத்தினார். குதிரைப்படையின் வேலைக்குத் தனியே ‘குரூசர்’ எனப்பட்ட வேக டாங்கிகள். 16 டன் வண்டிக்கு மலிவான மாற்றாக விக்கர்ஸின் ஜான் கார்டன் வரைந்த ஏ-9, முதல் குரூசராக அறிவிக்கப்பட்டது. கார்டன் 1935 டிசம்பரில் விமான விபத்தில் இறந்தார். 1936-ல் சோவியத் பயிற்சிப் போரைக் காணச் சென்ற பிரிட்டிஷ் அதிகாரி கிஃபர்ட் மார்ட்டெல், பி.டி. டாங்கிகள் வயல்வெளியில் பறந்ததைக் கண்டு அசந்துபோய், கிறிஸ்டியின் வண்டி ஒன்றை வாங்கவைத்தார். அதிலிருந்து ஏ-13 குரூசர் பிறந்தது. ஒரு பக்கம் 14 மில்லிமீட்டர் கவசத்தோடு வேகமான வண்டி, மறுபக்கம் 78 மில்லிமீட்டர் கவசத்தோடு மெதுவான மட்டில்டா. இரண்டுக்கும் பீரங்கி ஒன்றுதான்: டாங்கியைத் துளைக்கும், ஆனால் வெடிகுண்டு வீசாத 40 மில்லிமீட்டர். பழைய வழக்கில் இரு கட்சிக்கும் சாதகமாகத் தீர்ப்பளித்ததன் விலையை அந்தப் படை வட ஆப்பிரிக்காவில் கொடுத்தது.

இந்தக் கோட்பாடுகளை உரசிப்பார்த்த களம் ஸ்பெயினின் உள்நாட்டுப் போர். 1936 அக்டோபர் 29 அன்று செசெஞ்யா என்ற சிற்றூருக்குள் சோவியத் அதிகாரி பாவெல் அர்மான் தலைமையில் நுழைந்த டி-26 டாங்கிகள் எதிரியைக் கலங்கடித்தன. பின்னால் வரவேண்டிய காலாட்படை வரவில்லை. டாங்கிகள் திரும்ப நேர்ந்தது. மறு ஆண்டு அக்டோபரில் ஃபுவெந்தெஸ் தெ எப்ரோவில் பி.டி-5 டாங்கிகள், கூரையில் வீரர்களைச் சுமந்தபடி பாய்ந்து பெருஞ்சேதம் கண்டன. நாலு பேர் உருட்டிச் செல்லக்கூடிய 37 மில்லிமீட்டர் ஜெர்மானியப் பீரங்கி, 15 மில்லிமீட்டர் கவசத்தைக் காகிதம்போலக் கிழித்தது. இதிலிருந்து நாடுகள் வெவ்வேறு முடிவுக்கு வந்தன. தனித்து ஓடும் டாங்கிப் படைக்கு எதிர்காலமில்லை என்று பலர் சொன்னார்கள். சோவியத் தலைமையே 1939 நவம்பரில் தன் பெரிய டாங்கிப் படையணிகளைக் கலைத்தது. கார்கிவ் பொறியாளர்கள் எடுத்த முடிவு எளிமையானது: 37 மில்லிமீட்டர் குண்டுக்கு அசையாத கவசம் வேண்டும்.

கார்கிவ் ஆலையின் டாங்கி வடிவமைப்புக்கு 1937 தொடக்கத்தில் பொறுப்பேற்றவர் மிகயில் கோஷ்கின். ஸ்டாலினின் களையெடுப்பு உச்சத்தில் இருந்த நேரம். இயந்திரப் படைக் கோட்பாட்டின் தூணாக இருந்த மார்ஷல் துகசெவ்ஸ்கி அந்த ஜூனில் சுடப்பட்டார். கலெப்ஸ்கி மறு ஆண்டு. அதே ஆலையில் டீசல் எஞ்சினை உருவாக்கிய கான்ஸ்தந்தீன் செல்பானும் தப்பவில்லை. அந்தச் சூழலில் படைத்துறை கேட்டது பி.டி.க்கு வாரிசு: சக்கரத்திலும் பட்டையிலும் ஓடக்கூடிய ஏ-20. கோஷ்கின் அதைச் செய்தார்; கூடவே சக்கர ஓட்டத்தை விட்டொழித்த ஏ-32 என்ற இன்னொன்றுக்கும் வாதாடி அனுமதி பெற்றார். சக்கரத்தை ஓட்டும் சிக்கலான பல்சக்கர அமைப்பை நீக்கியதில் மிச்சமான எடை முழுவதும் கவசத்துக்கும் பீரங்கிக்கும் போயிற்று. 1939 கோடையில் இரண்டும் சோதிக்கப்பட்டன. ஏ-32 இன்னும் எடையைத் தாங்கும் என்று தெரிந்ததும், டிசம்பர் 19 அன்று, கவசத்தை 45 மில்லிமீட்டராக்கி டி-34 என்ற பெயரில் படையில் சேர்க்க முடிவானது.

26 டன், 76 மில்லிமீட்டர் பீரங்கி, 500 குதிரைத்திறன் டீசல், கிறிஸ்டியின் ஸ்பிரிங் அமைப்பு, சேற்றிலும் பனியிலும் புதையாத 55 சென்டிமீட்டர் அகலப் பட்டை. முன்தகடு சாய்ந்திருந்ததால், நேராக வரும் குண்டு அதே தகட்டில் ஏறத்தாழ இரு மடங்கு எஃகைக் கடக்க வேண்டியிருந்தது. காலாட்படை டாங்கியின் கவசம், வேக டாங்கியின் ஓட்டம், ஆதரவு டாங்கியின் வெடிகுண்டு மூன்றும் ஒரே உடலில் கூடிய முதல் நடுத்தர டாங்கி இது. 1940 மார்ச்சில் இரண்டு மாதிரிகள் கார்கிவிலிருந்து மாஸ்கோவுக்குப் பனியில் தாமாகவே ஓடிவந்து கிரெம்ளினில் காட்டப்பட்டன. அந்தப் பயணத்தோடு சென்ற கோஷ்கின் நிமோனியாவில் விழுந்து செப்டம்பரில் இறந்தார். பணியை அலெக்சாண்டர் மொரோசோவ் தொடர்ந்தார். ஒன்றை மட்டும் கார்கிவ் ஆலை தவறவிட்டது. டி-34-இன் சுழல்கூண்டு இருவருக்கானது. குறிபார்த்துச் சுடுவதும் டாங்கித் தலைவரின் வேலையாகவே இருந்தது. 85 மில்லிமீட்டர் பீரங்கிக்காகப் பெரிய கூண்டு செய்யப்பட்ட 1944-ல்தான் அந்த வண்டியில் மூன்றாமவருக்கு இடம் கிடைத்தது.